கவுன்சிலருக்குத் தொண்டை கட்டிய கதை

தலைவர் தேர்தல் முடிகிறவரை வாயைத் திறப்பதில்லை என்று கவுன்சிலர் சபதம் எடுத்தார். சாதாரண சபதமா அது? மனிதர் தூக்கத்திலேயே "பெரியோர்களே, தாய்மார்களே" என்று ஆரம்பிக்கிற ரகம்.

காரணம் இருந்தது. நகரமன்றத் தலைவர் நாற்காலிக்கு இரண்டு பேர் போட்டி. ஒருவர் சிமெண்ட் கடைக்காரர், இன்னொருவர் பல் டாக்டர். இருவருக்கும் ஆதரவு சரிபாதி. பக்கத்து வார்டு கவுன்சிலரான தையல்கார அக்கா, "ரெண்டு பேருக்குமே கை தூக்க மாட்டேன்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். பாக்கி நம்ம ஆள்தான். கடைசி நிமிஷம் வரை பிடி கொடுக்காமல் இருந்து, யார் துணைத் தலைவர் பதவி தருகிறாரோ அவருக்குக் கை தூக்குவதாகத் திட்டம். அதுவரை யாரிடமும் வாக்குக் கொடுக்கக் கூடாது. வாக்கே இல்லாதவன் எப்படி வாக்குக் கொடுப்பான்?

கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டார். தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார். மனைவியிடமும் அதே நடிப்புதான். உண்மையைச் சொன்னால் தெருவுக்கே தெரிந்துவிடுமாம்.

பாவம், அந்த அம்மாள் நம்பிவிட்டாள். வெந்நீர் என்ன, மிளகுக் கஷாயம் என்ன, ஒரே உபசாரம். மறுநாள் காலையில் துண்டு கொடுக்கப் போனவள், குளியலறைக் கதவுக்கு வெளியே அப்படியே நின்றாள். உள்ளே தண்ணீர்ச் சத்தத்தோடு காதல் பாட்டு கணீரென்று கேட்டது. துண்டைக் கொடியில் போட்டுவிட்டு, சத்தமில்லாமல் சமையலறைக்குத் திரும்பினாள்.

அன்று சாயங்காலம் சோபாவின் இந்த முனையில் சிமெண்ட், அந்த முனையில் பல். நடுவில் மப்ளர்.

"எங்க, வாயைத் திறங்க பாப்போம்," என்றார் பல் டாக்டர். எட்டிப் பார்த்தார். "தொண்டை நல்லாத்தானே இருக்கு?"

"நீங்க பல்லை மட்டும் பாருங்க டாக்டர்," என்றார் சிமெண்ட் கடைக்காரர். "தம்பி, ஆதரவு யாருக்கு? சைகையில சொன்னாப் போதும்."

மனைவி டீயோடு வந்தாள். "நான் சொல்றேங்க. இவர் சைகை எனக்கு அத்துப்படி."

கவுன்சிலர் நிம்மதியாக இரண்டு விரலைக் காட்டினார். இரண்டாவது நாற்காலி, துணைத் தலைவர் என்று அர்த்தம்.

"நீங்க ரெண்டு பேருமே வேண்டாமாம்."

கவுன்சிலர் இரண்டு கையையும் படபடவென்று ஆட்டினார்.

"வேண்டவே வேண்டாமாம்."

ஆத்திரம் தாங்காமல் காலைத் தரையில் மாறி மாறி உதைத்தார்.

"பாருங்க, மெஷின் மிதிக்கிறார்! தையல்கார அக்கா தலைவரா வரட்டும்னு சொல்றார். அக்கா வார்டுல சாக்கடை அடைச்சா அவங்களே கம்பை எடுத்துக்கிட்டு இறங்கிடறாங்க. எங்க வாசல்ல மூணு வருஷமா நாறுது. வாக்குக் கேக்கறப்ப கிழியற வாய், வாய்க்கால்னா ஒட்டிக்குதே!"

சிமெண்ட் கடைக்காரர் யோசித்தார். டாக்டர் ஜெயிக்காமல் போனால் சரி. டாக்டரும் யோசித்தார். சிமெண்ட் தோற்றால் அதுவே போதும்.

"எனக்குச் சம்மதம்!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"ஐயையோ! நான் அப்படிச் சொல்லவே இல்லியே!"

அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. மனைவி கையைத் தட்டினாள். "அட, குரல் வந்துடுச்சு! இனிமே நான் எதுக்கு? நீங்களே சொல்லுங்க."

இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். "சொல்லுங்க தம்பி. யாரு?"

கவுன்சிலர் இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். இப்போது தொண்டை நிஜமாகவே கட்டிக்கொண்டது.

"அக்... அக்காதான்."

வந்தவர்கள் கிளம்பியதும் மப்ளரை உருவி எறிந்தார். "ஏம்மா, கட்டின புருஷனையே கவுத்துட்டியே!"

"என்கிட்டயே ஊமை வேஷம் போட்டீங்கல்ல? துணைக்கு நானும் ஒரு வேஷம் போட்டேன்."

அக்கா போட்டியில்லாமல் தலைவரானார். அன்றைய கூட்டத்தில் நம்ம ஆள் புது வேட்டியில் முன்வரிசையில் உட்கார்ந்து, துணைத் தலைவர் பெயர் அறிவிக்கிற நேரத்துக்குச் சரியாகத் தொண்டையைச் செருமினார். அக்கா மேடையிலிருந்து பரிவாகக் குனிந்து பார்த்தார்.

"துணைத் தலைவர்னா நிறையப் பேசணும், தம்பி தொண்டைக்கு ஆகாது. சாக்கடைக் கமிட்டியில போட்டிருக்கேன். அங்க வாயையும் மூக்கையும் மூடிக்கிட்டுத்தான் வேலை."