இருநூற்றுப் பன்னிரண்டு முறை காலமானவன்

கணினி "நிச்சயமாகவா?" என்று கேட்டால் மற்றவர்கள் "ஓம்" என்பதை அமத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன். அதற்குத் தெரிந்த ஏதோ ஒன்று எனக்குத் தெரியவில்லை, இல்லாவிட்டால் ஏன் கேட்கிறது என்பது என் எண்ணம். வீட்டைப் பூட்டிய பிறகு மூன்று தரம் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். பள்ளிக்கூடத்தைப் பத்தாம் வகுப்போடு விட்டதும் இந்தக் குணத்தால்தான். வீட்டுக் கஷ்டம் என்று சொன்னால் கேட்பவர்கள் இரங்குவார்கள். உண்மையான காரணம் கணக்குச் சோதனைப் பயம்.

இவ்வளவு கவனமான ஒருவனுக்கு அப்படி என்ன நடந்துவிடும் என்று நினைப்பீர்கள். எனக்கு மரணம் நடந்தது.

கொக்குவில் ஸ்டேசனுக்குக் கிட்ட எனக்கு ஒரு போட்டோக்கொப்பிக் கடை. அதோடு எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்துக்காக ஒரு வலைப்பூவும் நடத்தி வந்தேன். இலவசமாகக் கிடைத்த இடம். கோயில் திருவிழா, விளையாட்டுப் போட்டி என்று எல்லாம் போடுவதாகத்தான் தொடங்கினேன். ஆனால் வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஊர்ச்சனம் விரும்பிப் பார்த்தது மரண அறிவித்தலை மட்டுமே. போகப்போக வலைப்பூ முழுவதும் அதுவாகிவிட்டது.

வேலை சுலபம். அச்சடித்து மதிலில் ஒட்டுகிற அறிவித்தலை ஸ்கான் செய்து படமாகப் போடுவேன். மேலே 'மரண அறிவித்தல்' என்று தலைப்பு. கீழே 'அன்னாரின் ஆத்மா சாந்தியடையப் பிரார்த்திக்கின்றோம்' என்று ஒரு வரி. செத்தவர் யார், எப்போது தகனம் என்பதெல்லாம் நடுவிலுள்ள படத்துக்குள்தான் இருக்கும். (இதை நீங்கள் ஞாபகத்தில் வைத்திருங்கள். நான் வைத்திருக்கவில்லை.)

அந்த நாட்களில் அக்கா எனக்கு உடுப்பிட்டியில் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தாள். பெண்ணின் பெயர் வதனி. கச்சேரியில் அரசாங்க வேலை. தகப்பன் ஓய்வுபெற்ற வாத்தியார், அதுவும் கணக்கு. (கடவுளுக்கும் பகிடி விடத் தெரியும்.) சாதகம் பொருந்திவிட்டது. ஒரு பின்னேரம் மாஸ்ரர் தொலைபேசியில் வந்தார்.

"தம்பி எவ்வளவு படிச்சிருக்கிறார்?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"அவர் இப்ப வெப்சைட் செய்யிறார்," என்றாள் அக்கா.

"அப்பிடியோ. அப்ப அந்த விலாசத்தை ஒருக்கா அனுப்பி விடுங்கோ. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வர முதல் பாப்பம்."

போனை வைத்ததும் நான் தலையில் கை வைத்தேன். "அக்கா, அது வெப்சைட் இல்லை. ஓசி வலைப்பூ. செத்த ஆக்களின்ரை படத்துக்குப் பக்கத்திலை மொட்டைக்கு எண்ணெய் விளம்பரம் வருது."

"அப்ப அதை வெப்சைட் ஆக்கு. மூண்டு நாள் கிடக்குத்தானே."

ஆகவே காசு கட்டி, சொந்தப் பெயரில் ஒரு தளம் எடுத்தேன். பழைய வலைப்பூவில் இருந்த இருநூற்றுப் பன்னிரண்டு பதிவுகளையும் அங்கே கொண்டு போகவேண்டும். அதற்கு ஒரு வழி இருந்தது. பழையதை ஒரே கோப்பாகப் பொதி கட்டி எடுத்து, புதிய தளத்தில் ஏற்றினால், இம்போர்ட் பிளகின் என்ற சின்னச் செயலி அந்தப் பொதியைப் பிரித்து ஒவ்வொன்றாக அடுக்கிவிடும். தமிழில் 'இறக்குமதி' என்று போட்டிருந்தார்கள். எனக்கு அந்தச் சொல்லே பிடிக்கவில்லை. இறக்குமதி என்றால் துறைமுகம், சுங்கம், பிடிபட்டுப்போதல்.

பிழை விடக்கூடாது என்பதற்காக ஒரு கொப்பி எடுத்து, செய்கிற ஒவ்வொரு படியையும் இலக்கம் போட்டு எழுதினேன். எதைத் தெரிவு செய்தேன், ஏன் செய்தேன் என்ற காரணமும் பக்கத்தில் எழுதினேன். பெரும்பாலான இடங்களில் காரணம் ஒரே சொல்தான்: பயம்.

பதினான்காவது படியில் பிளகின் கேட்டது, இந்தப் பதிவுகளை எந்த எழுத்தாளரின் பெயரில் போடுவது என்று. புதிய தளத்தில் இருந்த ஒரே ஆள் நான்தான். என்னையே கொடுத்தேன். பெயரோடு என் படமும் ஒவ்வொரு பதிவிலும் சேர்ந்துகொண்டது. பெண் வீட்டுக்குக் கொடுக்கவென்று ஸ்ரூடியோவில் எடுத்தது, இன்னும் கொடுக்கவில்லை. இரவல் கோட், நீலத் திரை, முகத்தில் அரை இஞ்சிக்குப் பவுடர்.

பதினைந்தாவது படி: படங்களையும் சேர்த்து இறக்கவா? இருநூற்றுக்கு மேல் படம். இடம் நிரம்பினால்? பாதியில் நின்றால்? வேண்டாம் என்று விட்டேன்.

பிறகு ஒவ்வொரு பதிவாகத் திறந்து பார்த்தேன். எல்லாப் படமும் இருந்தது. இறக்காத படம் எப்படி வந்தது என்று ஒரு கேள்வி எட்டிப் பார்த்தது. காற்று வீசினாலே பயப்படுகிற நான், அந்த ஒரு இடத்தில் மட்டும் பயப்படாமல் சந்தோசப்பட்டேன்.

சனிக்கிழமை காலை கடைசிப் படி. பழைய வலைப்பூவை மாஸ்ரர் எங்காவது தேடிக் கண்டுவிட்டால் மொட்டைக்கு எண்ணெயையும் காண்பாரே என்று அதை மூடப் போனேன். "நிச்சயமாகவா?" என்றது. தண்ணீர் குடித்துவிட்டு வந்து "ஓம்" என்றேன். புதிய விலாசத்தை அக்காவுக்கும் ஊர் வட்ஸ்அப் குழுவுக்கும் 'எல்லாரும் பாருங்கோ' என்று அனுப்பினேன். யாராவது குறை சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் போனை நிப்பாட்டிவிட்டு, மறுநாள் பெண் வீட்டார் வருகிறார்களே, தலைமயிர் வெட்டுவோம் என்று திருநெல்வேலிக்குச் சைக்கிளில் வெளிக்கிட்டேன்.

சலூனில் சனிக்கிழமைக் கூட்டம். முடிந்த பிறகும் போனைப் போடத் துணிவு வராமல் சந்தையைச் சுற்றி, தேவையில்லாமல் ஒரு கட்டு முருங்கைக்காய் வாங்கினேன். வீட்டுக்குத் திரும்ப இரண்டு மணி ஆகிவிட்டது.

ஒழுங்கை முகப்பில் தென்னோலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டு வாசல் படலையடியில் ஒரு லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் நின்றது. பெட்டி நிறையச் சனசமூக நிலையத்துப் பிளாஸ்ரிக் கதிரைகள். எங்கள் ஊரில் ஒரு சாவு என்றால் யாரும் போய்க் கேட்கத் தேவையில்லை, கதிரை தானாக வந்துவிடும். வீட்டில் இருந்தவர்கள் அக்காவும் அத்தானும் மட்டுமே. சைக்கிளை மதிலோடு சாத்தினேன். நிலையத்துத் தலைவர் தவராசா அண்ணை முதுகைக் காட்டியபடி கதிரை எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஆர் அண்ணை?" என்று கேட்டேன்.

"குகன்," என்றார் திரும்பாமலே.

"எந்தக் குகன்?"

"உந்தப் போட்டோக்கொப்பிக் குகன்தான். நல்ல பெடியன். சரியான பயந்தாங்கொள்ளி. றோட்டுக் கடக்கிறதுக்கே பத்து நிமிசம் நிப்பான். தலைமயிர் வெட்டச் சைக்கிளிலை போனவனாம், எப்பிடித்தான் போய் அடிபட்டானோ."

"நான் அடிபடேல்லை அண்ணை."

அவர் திரும்பினார். கையிலிருந்த நாலு கதிரையும் விழுந்தன. என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒரு செத்த ஆளிடம் ஒரு தலைவர் கேட்கக்கூடிய கேள்வியைக் கேட்டார்.

"அப்ப இவ்வளவு கதிரையையும் என்ன செய்யிறது?"

உள்ளே அக்காவை நடுவில் இருத்தி ஒரு மனுசி விசிறிக்கொண்டிருந்தார். அக்காவின் காதில் போன். என்னைக் கண்டதும் என் கால்களைப் பார்த்தாள். பிறகு போனுக்குள் சொன்னாள்: "சித்தப்பா, வந்திட்டான். ... ஓம். நடந்துதான் வந்தவன்."

போனை வைத்தாள். மனுசியின் கையிலிருந்த விசிறியைப் பிடுங்கி எனக்கு நாலு போட்டாள்.

"நீ மோசம் போன செய்தி எனக்குக் கனடாவிலையிருந்து வருது. தலைமயிர் வெட்டப் போனவன் எண்டு நான் சொல்லுறன், இல்லைப் பிள்ளை, வெப்சைட்டிலையே கிடக்கு எண்டுறார் சித்தப்பா. உன்ரை போனும் வேலை செய்யேல்லை. நான் ஆரை நம்புறது?"

அவளுடைய போனை வாங்கிப் பார்த்தேன். மேலே கொட்டை எழுத்தில் 'மரண அறிவித்தல்'. அதன் கீழே கோட் போட்ட என் படம். படத்தின் கீழே 'குகதாசன்'. அடுத்து ஒரு பெரிய வெள்ளை இடம். அதன் கீழே 'அன்னாரின் ஆத்மா சாந்தியடையப் பிரார்த்திக்கின்றோம்'.

விரலால் தள்ளினேன். அடுத்ததும் நான். அதற்கடுத்ததும் நான். ஒவ்வொன்றிலும் பழைய திகதிதான் இருந்தது, ஆனால் மரண அறிவித்தலில் சனம் முதலில் பார்ப்பது படத்தை. எங்கள் ஊரில் இத்தனை வருடமாகச் செத்த அத்தனை பேருக்காகவும் நான் ஒருவனே செத்திருந்தேன்.

"உடுப்பிட்டிக்கும் இதை அனுப்பினனியோ?"

"திறந்து பாக்காமல் அனுப்பிப்போட்டன்," என்றாள் அக்கா. அவள் முகம் அப்போதுதான் உண்மையாகவே செத்த வீட்டு முகம் ஆனது. படலையடியில் ஒரு வான் வந்து நின்றது.

மாஸ்ரர் வெள்ளை வேட்டியோடு இறங்கினார். பின்னால் அவருடைய மனைவி. அவருக்குப் பின்னால் வெள்ளைச் சுடிதாரில் ஒரு பெண். கல்யாணம் சரிவராவிட்டாலும் பேசிய இடத்துக்கு மரியாதைக்காக வந்திருக்கிறார்கள். நான் புதுத் தலைவெட்டோடு, கழுத்தில் பவுடரோடு, கையில் முருங்கைக்காயோடு நின்றேன். மாஸ்ரர் தன் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீர்தானோ குகதாசன்?"

"ஓம் மாஸ்ரர்."

"இதிலை வேறை மாதிரிக் கிடக்கு."

உள்ளே ஓடிப்போய்க் கொப்பியைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் லான்ட்மாஸ்ரரில் வந்த கதிரை ஒன்றில் இருந்து, கண்ணாடியைப் போட்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவையும் எடுத்தார். பத்தாம் வகுப்பில் நான் எதற்குப் பயந்து ஓடினேனோ, அது உடுப்பிட்டியிலிருந்து வான் பிடித்து எங்கள் முற்றத்துக்கே வந்துவிட்டது.

"பதினாலு. எழுத்தாளர்: நான். காரணம்: வேறை ஆக்கள் இல்லை." சத்தமாக வாசித்தார். "பதினைஞ்சு. படம் இறக்கவோ? வேண்டாம். காரணம்: பயம்." கொப்பியைப் புரட்டினார். "கடைசிப் படி. தண்ணி குடிச்சிட்டு வந்து, பழைய வலைப்பூவை மூடுதல். காரணம்..." நிறுத்தி, கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "மாஸ்ரர் கண்டிடுவார்."

வதனி மதில் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன்.

"படத்தைக் கொண்டுவராமல் பழைய வீட்டை இடிச்சிருக்கிறீர்," என்றார் மாஸ்ரர். "படமெல்லாம் அங்கைதான் கிடந்திருக்கு. புதுத் தளம் அங்கையிருந்து எட்டி எடுத்துக் காட்டியிருக்கு. அதை மூட, இஞ்சை மிச்சம் நீர் மட்டும்."

மூன்று நாளாக எனக்கு விளங்காதது அவருக்கு மூன்று நிமிடத்தில் விளங்கிவிட்டது.

"விடை பிழை," என்றார். "ஆனா செய்கை ஒரு வரியும் விடாமல் எழுதியிருக்கிறீர். செய்கைக்குப் புள்ளி குடுக்கத்தான் வேணும்." கடைசிப் பக்கத்தில் பத்துக்கு ஆறு என்று போட்டார். கணக்கில் நான் வாங்கிய ஆகக் கூடிய புள்ளி அதுதான்.

பழையதை மீட்டெடுக்கலாம் என்று கணினி சொன்னது. மாஸ்ரர் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். மீட்டாயிற்று. இனிப் புதிய தளத்தில் கிடந்த இருநூற்றுப் பன்னிரண்டு என்னையும் அழித்துவிட்டு, நிலையத்தின் பெயரில், படத்தோடு திரும்ப இறக்கவேண்டும். அழிக்கிற இடத்தில் "நிச்சயமாகவா?" என்று வந்தது. நான் எழும்பினேன்.

"தண்ணியைப் பிறகு குடிக்கலாம்," என்று பின்னாலிருந்து ஒரு குரல். "அமத்துங்கோ."

வதனி என்னோடு பேசிய முதல் வார்த்தை அது. அமத்தினேன்.

அரை மணி நேரத்தில் எல்லாரும் அவரவர் மரணத்துக்குத் திரும்பிப் போனார்கள். தவராசா அண்ணை கதிரைகளை ஏற்றினார். (ஒன்று உடைந்திருந்தது. என் கணக்கில் எழுதினார்.) அக்கா தேத்தண்ணி கொடுத்தாள். கல்யாணத்தைப் பற்றி மாஸ்ரர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. குடித்து முடித்துப் பேசாமல் எழும்பினார்.

எங்கள் பக்கத்தில் செத்த வீட்டுக்கு வந்தவர்கள் புறப்படும்போது 'போட்டு வாறம்' என்று சொல்வதில்லை. அந்த வீட்டுக்குத் திரும்பவும் அப்படி ஒரு காரியத்துக்கு வரக்கூடாதே. சத்தமில்லாமல் எழும்பிப் போவார்கள். மாஸ்ரர் அப்படித்தான் எழும்பினார். அப்படித்தான் செருப்பைப் போட்டார். மனைவி வானுக்குள் ஏறினார். வதனியும் ஏறினாள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் உயிரோடு இருப்பதை ஒப்புக்கொண்டார்கள், மாப்பிள்ளையாக ஒப்புக்கொள்ளவில்லை என்று நினைத்தேன்.

வானின் கதவு பாதி மூடியது. உள்ளேயிருந்து வதனி ஏதோ மெதுவாகச் சொன்னாள். கதவு திரும்பத் திறந்தது. மாஸ்ரர் தலையை வெளியே நீட்டினார்.

"அப்ப, போட்டு வாறம்," என்றார். "நாளைக்கு. அந்தப் படத்துக் கோட்டைத் திருப்பிக் குடுத்திடாதையும்."

கல்யாணமாகி ஒன்பது வருடம். வான் கதவடியில் தகப்பனிடம் என்ன சொன்னாய் என்று கேட்டால், வதனி ஒவ்வொரு முறையும் வேறு பதில் சொல்கிறாள். "கலியாணத்துக்கு முதல் உங்கடை படத்தை நான் கண்டது மரண அறிவித்தலிலைதான். கலியாண அல்பத்தைவிட அது வடிவு," என்பதில் மட்டும் மாற்றமில்லை. வருடாவருடம் அந்த நாள் வந்தால் எங்கள் வீட்டில் எனக்குத் திவசம். வதனி மரக்கறி சமைத்து, வடை சுட்டு, பாயசமும் வைப்பாள். மாமா உடுப்பிட்டியிலிருந்து போன் எடுத்து, "ஆள் எப்பிடி, அமைதியாய் இருக்கிறாரோ?" என்று விசாரிப்பார்.

போன கிழமை எங்கள் மகளிடம் வகுப்பு ரீச்சர், நேற்று ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கிறார்.

"அப்பாவின்ரை திவசம் ரீச்சர்."

ரீச்சர் கண் கலங்கிப் பிள்ளையின் தலையைத் தடவி, வீட்டுக்கு யார் எல்லாம் வந்தார்கள் என்று கேட்டாராம்.

"ஒருத்தரும் இல்லை ரீச்சர். அப்பாதான் வாழைக்காய் பொரிச்சவர்."

மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து என்னை வரச் சொன்னார்கள். கேட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் அடையாள அட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். ரீச்சர் அதைக் கேட்கவில்லை. ஆனாலும் காட்டிவிட்டுத்தான் வந்தேன்.