துவைக்கக் கூடாத சட்டை

இனிமேல் தான் போட்டிருக்கும் சட்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது என்று கேசிமிர் சமையலறை நடுவில் நின்று அறிவித்தார். நாட்டுக்கே சட்டம் போடுகிறவரின் குரல். அவர் மனைவி லோரெய்ன் அடுப்பில் முட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏன், சட்டைக்குச் சளி பிடிச்சிருக்கா?"

"நாரைகள் ஜெயிக்க ஆரம்பிச்சிருக்காங்க, லோரெய்ன். ஜெயிச்சுக்கிட்டே இருக்கிற வரைக்கும் இதைத் துவைக்கக் கூடாது. துவைச்சா அதிர்ஷ்டமும் அழுக்கோட சேர்ந்து போயிடும்."

"நெஞ்சுல கடுகு சாஸ் கொட்டியிருக்கு, கேஸ்."

"அது விழுந்த நிமிஷம்தான் முதல் ரன் வந்துச்சு!"

நாரைகள் என்பது அந்த ஏரிக்கரை ஊரின் பேஸ்பால் அணி. தோற்பதில் அவர்களை ஜெயிக்க ஆள் கிடையாது. கேசிமிரின் அப்பா உருக்காலையில் உழைத்த காசில் மைதானத்துக்குப் போவார். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் "அடுத்த வருஷம் பாருடா" என்பார். அந்த அடுத்த வருஷத்தைப் பார்க்காமலேயே போய்ச் சேர்ந்தார். இப்போது கேசிமிருக்கும் அந்த வயது வந்துவிட்டது. டாக்டர் மாத்திரையைக் கூட்டியிருந்தார். கண்ணை மூடுவதற்குள் ஒரே ஒரு தடவை சாம்பியன் கோப்பை இந்த ஊருக்கு வருவதைப் பார்த்துவிட வேண்டும். இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

பக்கத்து வீட்டு டகன் காபி குடிக்க வந்தவர், நண்பருக்காக வாதாடினார்.

"கேஸ் சொல்றது சரிதான், லோரெய்ன். என் மச்சான் ஒரு வருஷம் தொப்பியைத் துவைச்சான். மறுநாளே நம்ம பந்து வீச்சாளனுக்குத் தோள்பட்டை போச்சு."

"தொப்பிக்கும் தோளுக்கும் என்னய்யா சம்பந்தம்?"

"அதைத்தான் இன்னிக்கு வரைக்கும் யோசிச்சுக்கிட்டிருக்கோம்."

லோரெய்ன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சரி" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் இவ்வளவு சுலபமாகச் சரி சொன்னதே கிடையாது. அங்கேயே கேசிமிர் சுதாரித்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் சட்டையை, துணி துவைக்கும் நிலவறையில் ஒரு ஆணியில் மாட்டுவார். அடுத்த ஆட்டத்துக்கு எடுத்துப் போட்டுக்கொள்வார். நாரைகள் ஜெயித்தார்கள். மறுபடியும் ஜெயித்தார்கள். ஊரே நம்ப முடியாமல் ஒருவரையொருவர் கிள்ளிப் பார்த்துக்கொண்டது. சட்டை மட்டும் நாறவே இல்லை.

"உண்மையான ரசிகனோட வேர்வை நாறாது" என்றார் கேசிமிர். டகன் குனிந்து முகர்ந்து பார்த்து, தேவாலயத்தில் தலையாட்டுவதுபோல் ஆட்டினார். கறைதான் இன்னும் பெரிய அதிசயம். நாளுக்கு நாள் மங்காமல் பளபளவென்று மின்னியது. அதிர்ஷ்டம் ஊறுகிறது என்று எடுத்துக்கொண்டார்.

கடைசியில் அந்த ஆட்டம் வந்தது. ஜெயித்தால் கோப்பை. முந்தின நாள் ஆட்டம் ஜெயித்து முடிந்த சாயங்காலம் கேசிமிருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சட்டையை யாராவது தூக்கிக்கொண்டு போய்விட்டால்? அதைப் போட்டுக்கொண்டே படுக்கப் போனார்.

"அதைக் கழட்டு, கேஸ்."

"மாட்டேன்."

"சொன்னாக் கேளு. இன்னிக்கு ஒரு நாள் கழட்டி ஆணியில மாட்டிடு."

"உனக்கு விசுவாசம்னா என்னன்னு தெரியாது, லோரெய்ன்!"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்புறம் உதட்டைக் கடித்துக்கொண்டு விளக்கை அணைத்தாள்.

மறுநாள் மத்தியானம் மூவரும் கேசிமிர் வீட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்க, கடைசி இன்னிங்ஸ். ஒரே ஒரு ரன் பின்தங்கியிருந்தார்கள். நாரைகளின் கடைசி மட்டையாளன் முழு பலத்தோடு மட்டையை வீசினான். பந்து மட்டையில் படாமல் பின்னால் இருந்தவன் கையுறைக்குள் போய் அடங்கியது. அவ்வளவுதான், கோப்பை கைவிட்டுப் போனது. டகன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

கேசிமிர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அப்பாவை நினைத்துக்கொண்டார்.

"நான் என்ன தப்பு பண்ணேன்? சட்டையை உடம்பை விட்டே எடுக்கலையே!"

லோரெய்ன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது.

"அதுதான் தப்பு. தினம் ஆட்டம் முடிஞ்சதும் நான் அதைத் துவைச்சுக்கிட்டிருந்தேன்."

"என்னது!"

"முதல் தடவை நாத்தம் தாங்காமத்தான் துவைச்சேன். மறுநாள் ஜெயிச்சாங்க. அப்புறம் துவைக்காம இருக்க எனக்கே பயமாயிடுச்சு. துவைச்சு, காய வச்சு, ஒரு ஸ்பூன் கடுகு சாஸ் எடுத்து அதே இடத்துல வைப்பேன்."

"அப்போ இத்தனை நாள் ஜெயிச்சது..."

"துவைச்ச சட்டை. நேத்துதான் நீ கழட்ட மாட்டேன்னுட்டே."

"அடிப்பாவி, நேத்தே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"சொன்னா ராசி போயிடுமே, கேஸ்! நீ அந்தக் கோப்பையைப் பார்க்கணும்னு உனக்கு மட்டும்தான் ஆசையா?"

கேசிமிர் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "அடுத்த வருஷம்" என்றார். "அடுத்த வருஷம்" என்றாள் அவளும்.

பனி உருகி, ஏப்ரல் வந்து, நாரைகள் முதல் ஆட்டத்தில் எப்படியோ ஜெயித்தார்கள். அன்று சாயங்காலமே கேசிமிர் சட்டையும் சோப்புமாக நிலவறைக்கு ஓடினார். இந்தத் தடவை யாரையும் நம்புவதாக இல்லை, தன் கையாலேயே துவைக்கப் போகிறார்.

மேலேயிருந்து ஒரு பெரிய துணி மூட்டை படியில் உருண்டு வந்து அவர் காலடியில் நின்றது. பின்னாலேயே லோரெய்னின் குரல் வந்தது.

"போர்வை, திரைச்சீலை எல்லாத்தையும் சேர்த்தே துவைச்சிடு, கேஸ். எதுல ராசி இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"