இரண்டு மீற்றர் அண்ணை

கனடாவின் ஸ்காபரோவில் வெறும் வாயால் பஸ்ஸை மறித்து வைத்திருக்கக்கூடிய ஒரே மனிதர் எங்கள் மாடிக் கட்டடத்து அண்ணைதான். ஊர் எது, பிள்ளைகள் எத்தனை, சம்பளம் எவ்வளவு என்று சாரதியிடம் கேட்டு முடிக்கும்வரை பஸ் நகராது. கொரோனாக் காலத்திலும் முகத்துக்கு முகம் வைத்துத்தான் கதைத்தார். அப்படிப்பட்டவருக்கு ‘இரண்டு மீற்றர் அண்ணை’ என்று பெயர் வரக் காரணம் பின்லாந்து.

அவருடைய ஒரே பிள்ளை தர்சினி, மிக்கா என்ற பின்லாந்துக்காரரைக் கட்டினாள். கலியாண வீட்டில் அண்ணை தலைமையில் சொந்தக்காரர்கள் அதே மூன்று கேள்விகளோடு மாப்பிள்ளையைச் சுற்றி வளைத்தார்கள். மனுசன் குளியலறைக்குள் போனவர் ஒரு மணித்தியாலம் வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு ஆறு வருடமாகத் தர்சினி இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

பொறுக்க முடியாமல் அண்ணையே ஒரு பனிக்காலம் ஹெல்சிங்கி போய் இரண்டு கிழமை நின்றார். திரும்பி வந்ததும் லிஃப்டில் என்னைப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டார் என்றால், எதிர் மூலையில் போய் நின்றுகொண்டார்.

“தம்பி, அங்க பஸ் தரிப்பில ஆளுக்காள் ரெண்டு மீற்றர் தள்ளி நிக்கினம். ஒருத்தரும் கதைக்கினமில்லை. நான் நினைச்சன், ஒரே குடும்பம், ஏதோ காணிப் பிரச்சினையாக்கும் எண்டு.”

“பிறகு?”

“பிறகு பாத்தா நாடே அப்பிடித்தான். அதுதான் அவையின்ர மரியாதை.”

சவுனா என்ற வெக்கை அறைக்குள் மருமகனோடு துவாயைக் கட்டிக்கொண்டு ஒரு மணித்தியாலம் வாய் திறக்காமல் இருந்தாராம். அதை நான் இன்றைக்கும் நம்பவில்லை. நவீன கலைக்கூடத்துக்கும் போயிருக்கிறார்கள். அங்கே ஒரு வெறும் அறையில் நாலு பேர் ஆடாமல் அசையாமல் நின்றார்களாம்.

“நாப்பது நிமிசம் பாத்துக்கொண்டு நிண்டன். எப்ப தொடங்கும் எண்டு காவலுக்கு நிண்ட பிள்ளையைக் கேட்டன். தொடங்கி மூண்டு மாசமாம்! மருமோன் எண்டால் கையைப் பின்னால கட்டிக்கொண்டு, கண் கலங்கிப்போய் நிக்கிறார்.”

அந்தக் கோடையில் தர்சினியும் மிக்காவும் வருவதாகச் செய்தி வந்தது. அண்ணை வீடு வீடாக ஏறி இறங்கினார்.

“இந்தமுறையும் பிழைச்சுதெண்டால் என்ர பிள்ளை இனி வரமாட்டாள்” என்று சொல்லி, விருந்தில் எல்லாரும் தான் சொல்கிறபடி நிற்கவேண்டும் என்று கேட்டார். அதைக் கேட்டபின் யாருக்கு மறுக்க மனம் வரும்?

கட்டடத்து விருந்து மண்டபத்தின் தரையில் இரண்டு மீற்றருக்கு ஒன்றாக ஒட்டுநாடாவால் பெருக்கல் குறி மாதிரிப் புள்ளடி போட்டார். ஆளுக்கொரு புள்ளடி. கேள்வி கேட்கக்கூடாது, கட்டிப்பிடிக்கக்கூடாது, சிரிப்பதென்றால் பல்லுத் தெரியாமல் சிரிக்கலாம். என் புள்ளடி பொரித்த ரோல்ஸ் வைத்த சாப்பாட்டு மேசைக்குக் கைக்கெட்டாத தூரத்தில் இருந்தது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

கதவு திறந்தது. இருபத்தைந்து தமிழர்கள் மூச்சுக் காட்டாமல் நிற்பதைக் கண்டு மிக்கா ஒரு கணம் தயங்கினார். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொருவர் முன்னாலும் நின்று நின்று எங்களைப் பார்வையிடத் தொடங்கினார். யூனியன்வில் பக்கத்திலிருந்து வந்திருந்த அன்ரியைத் தலையைச் சரித்து வெகுநேரம் ரசித்தார். அன்ரி கண்ணிமைக்கவில்லை.

“அப்பா, வாட் இஸ் திஸ்?” தர்சினி கத்தினாள். “நீங்கள் வந்துபோன நாள் தொட்டு இவர் தமிழ் படிக்கிறார், உங்களோட கதைக்க!”

மிக்காவின் முகம் சிவந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் கடதாசியை எடுத்தார். அண்ணைக்கு முன்னால் சரியாக இரண்டு மீற்றர் தள்ளி நின்று, எழுத்துக்கூட்டி வாசித்தார்.

“மாமா, ஊர் எது? பிள்ளைகள் எத்தனை? சம்பளம் எவ்வளவு?”

அண்ணை புள்ளடியை விட்டு ஓடிப்போய் மருமகனைக் கட்டிக்கொண்டார். நடுக் கேள்விக்கு மட்டும்தான் அவரால் பதில் சொல்ல முடிந்தது.

“ரெண்டு, ராசா. ரெண்டு.”

இப்போது அண்ணை பழையபடி பஸ் தரிப்பில் மூக்கோடு மூக்கு முட்ட நின்று என் சம்பளத்தைக் கேட்கிறார். எத்தனையோ தரம் சொல்லியாயிற்று. பஸ் போனால் போகட்டும் என்று இன்னொரு தரம் சொல்கிறேன்.