ஆண் சுருதியில் ஒரு பெண் பாட்டு

பெண் கேட்கப் போகிறவன் முதலில் தவிர்க்க வேண்டியது, தெரியாத வாத்தியத்தைத் தெரியும் என்று சொல்வது. நான் சொன்னேன்.

ஒன்பதாம் வகுப்போடு எனக்குப் பள்ளிக்கூடம் முடிந்தது. பாரிஸில் கோப்பை கழுவினேன், ஸ்டுட்கார்ட்டில் பெட்டி அடுக்கினேன், ஆஹெனில் ஒரு பேக்கரியில் பாண் போட்டேன் (இரண்டு முறை கருக்கினேன்). அங்கேதான் மாலதியைச் சந்தித்தேன். எண்ணூறு வருடப் பழமையான பிரெஞ்சுப் பாட்டுகளை, அதிலும் பெண்கள் பேசுவதாக வருபவற்றை, பாடும் குழுவில் அவள் இருந்தாள். பின்னணிக்கு நம்முடைய சுருதிப்பெட்டிதான். அவள் முதன்முதலாகத் தனியே பாட இருந்த அன்று, பெட்டியை அமுக்கும் ஜெர்மன்காரிக்குக் காய்ச்சல்.

“உங்களுக்கு அமுக்கத் தெரியுமோ?” என்றாள் மாலதி.

“ஓம், அதென்ன பெரிய வேலையே?” என்றேன். கோயில் பஜனையில் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்ததுதான் என் அனுபவம்.

தன் சுருதிக்குத் துளைகளைத் திறந்து வைத்தாள். “ஒண்டிலயும் கை வைக்காதேங்கோ” என்று சொல்லிவிட்டு உடுப்பு மாற்றப் போனாள்.

நான் மெல்ல முனகிப் பார்த்தேன். என் தொண்டைக்கு எட்டவில்லை. பெட்டியில்தான் பிழை என்று முடிவுகட்டி, பஜனையில் ஆண்கள் வைக்கும் இடத்துக்கு இறக்கினேன். எனக்கு இதமாக இருந்தது.

முன்வரிசையில் மாலதியின் அப்பா. மறுநாள் அவரிடம்தான் பெண் கேட்பதாக இருந்தேன்.

அமுக்கினேன். மாலதி திடுக்கிட்டுத் திரும்பினாள். நான் தலையாட்டி உற்சாகப்படுத்தினேன். வேறு வழியில்லாமல் பாடினாள். ஜன்னலோரம் தைத்தபடி காதலனுக்குக் காத்திருக்கும் பெண், சளி பிடித்த லொறிச் சாரதி போல ஏங்கினாள். மூன்றாவது வரியில் வெறும் காற்றுத்தான் வந்தது. (சோகம் என்று நினைத்து இன்னும் பலமாக அமுக்கினேன்.)

மாலதி நிறுத்தினாள். சபையைப் பார்த்து ஜெர்மனில் சொன்னாள்: “இப்படிப்பட்ட பாட்டுகள் சிலவற்றை ஆண்களே எழுதிவிட்டு, பெண் பேசுவதாகச் சொன்னார்கள். சுருதியையும் ஆணிடம் கொடுத்தால் இதுதான் நடக்கும்.”

சபை சிரித்து அடங்குவதற்குள் குனிந்து துளைகளை மாற்றினாள். “அமுக்கிறது மட்டும்தான் உங்கட வேலை. விளங்குதோ?”

“விளங்குது.”

மறுபடி பாடினாள். இருமிக்கொண்டிருந்தவர்கள்கூட இருமலை விழுங்கினார்கள்.

முடிந்ததும் அவளுடைய அப்பா வந்தார். நான் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி நின்றேன்.

“தம்பி, பாட்டு எனக்கு விளங்கேல்லை. ஆனா என்ர பிள்ளை உம்மைச் சமாளிப்பாள் எண்டு விளங்கிட்டுது.”

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம். வீட்டுக்கு யார் வந்தாலும் மாமா அந்தக் கச்சேரியை நடித்துக் காட்டுவார். மாலதியின் பகுதியையும் அவரே பாடுவார். நான் வைத்த சுருதி அவருக்கு அளவெடுத்ததுபோல் பொருந்துகிறது.