சும்மா இருந்த வலது கை

இனிமேல் இந்த வீட்டில் தன் வலது கை தொட்டிலைத் தொடாது என்று வரைபடக்காரர் திங்கட்கிழமை காலை அறிவித்தார்.

கட்டடங்களுக்கு வரைபடம் போட்டுத் தருவது அவர் தொழில். வீட்டிலேயே ஒரு மேஜை, ஒரு கணினி. நாள் முழுக்க மவுஸை உருட்டி உருட்டி, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நிஜமாகவே வலி. அந்த வலியோடு தொட்டில் வேலையையும் கோத்துவிட்டதுதான் அவருடைய சாமர்த்தியம். ஆறு மாதக் குழந்தை. ஆட்டுவதை நிறுத்தினால் ஊரைக் கூட்டிவிடும்.

"தொட்டில் ஆட்டினா மணிக்கட்டு போயிடும்னு பிசியோதெரபிஸ்ட் சொல்லிட்டார்."

"அப்படியா? வேற என்ன சொன்னார்?" என்றாள் மனைவி.

சண்டை வரும் என்று எதிர்பார்த்தவருக்கு ஏமாற்றம். மீதியை உள்ளபடியே சொன்னார். "முழங்கை மேஜை உயரத்துக்கு இருக்கணும். மவுஸ் கைக்குக் கிட்டவே இருக்கணும். மணிக்கட்டை வளைக்கக் கூடாது. இடது கையால மவுஸ் பிடிச்சுப் பழகினா நல்லதாம். அதெல்லாம் யாரால ஆகும்?"

"உங்களால ஆகாதா?"

மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் அவள் நாற்காலியில் மெத்தை போட்டு உயர்த்தி, மவுஸை இடப்பக்கம் நகர்த்திவிட்டாள். முதல் நாள் அவர் போட்ட குளியலறை நடுத்தெருவில் போய் உட்கார்ந்தது. மறுநாள் வாசற்கதவு மொட்டை மாடிக்கு ஏறியது.

"பரவாயில்லைங்க. நல்லா காத்து வரும்," என்றாள்.

அவர் விடவில்லை. மூன்றாவது வாரம் கோடுகள் நேராகின. கை வலி போன இடம் தெரியவில்லை. தொட்டிலோ இன்னும் அவள் பொறுப்பில்தான். இரட்டை வெற்றி. அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இடது கையாலேயே மூன்று படுக்கையறை வீடு ஒன்றைப் போட்டுக் காட்டினார்.

"எப்படி?"

"பிரமாதம். வலி?"

"போயே போச்சு."

"அப்ப வலது கை?"

"அதுக்கென்ன, சும்மா இருக்கு. மகாராஜா மாதிரி," என்றார் பெருமையாக.

அவள் எழுந்துபோய் ஒரு நீளக் கயிறு கொண்டுவந்தாள். ஒரு முனையைத் தொட்டிலில் கட்டி, மறுமுனையை நாற்காலியின் வலப்பக்கக் கொக்கியில் நுழைத்து அவர் கையில் கொடுத்தாள். அந்தக் கொக்கி எப்போது வந்தது என்று அவருக்குத் தெரியாது.

"நேத்தே பிசியோதெரபிஸ்ட்டுக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டேன். மணிக்கட்டை அசைக்காம தோளிலிருந்து மெதுவா இழுத்தா கைக்கு நல்லதாம். தொட்டிலைப் பத்தி அவர் எதுவுமே சொன்னதில்லையாமே?"

வரைபடக்காரர் இழுத்தார். குழந்தை சிரித்தது. மனைவி அங்கேயே ஓரமாகப் பாயை விரித்துப் படுத்தாள். ஆறு மாதத்தில் அவள் பகலில் கண்ணயர்வது அதுதான் முதல் தடவை. அதைப் பார்க்க அவருக்கே கொஞ்சம் மனசு இளகியது. ஆனாலும் கடைசியாக ஒரு அஸ்திரத்தை விட்டுப் பார்த்தார்.

"இந்தா, இடது கையும் வலிக்க ஆரம்பிச்சா?"

"கையை மாத்திக்குங்க," என்றாள் கண்ணைத் திறக்காமல்.

அவர் குனிந்து பார்த்தார். நாற்காலியின் இடப்பக்கத்திலும் ஒரு கொக்கி தயாராக இருந்தது.