கிணற்றுக்கும் சினை இல்லை

எருமையைத் தொடாமலே எருமையின் வயிற்றில் இருப்பதைச் சொல்லிவிடும் மேதாவிகள் என்று ஓர் இனம் நம் நாட்டில் உண்டு. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். வெளுத்த கால்சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா, கக்கத்தில் நீளமான ரிஜிஸ்டர், மூக்கின்மேல் கைக்குட்டை. தொழுவத்துக்கு வந்தால் வாசலோடு நின்றுவிடுவார். உள்ளே சாணி கிடக்கிறதாம். தொழுவத்தில் வேறென்ன, மல்லிகைப் பூவா கிடக்கும்?

"பார்க்கலாம்" என்பார், பார்ப்பது காகிதத்தை. "சொல்லும்மா" என்பார், கேட்பது தம் குரலை. மாடு கத்தினால் ரிஜிஸ்டரைப் புரட்டி, கத்துவதற்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று முகம் சுளிப்பார். மாடு மட்டும் எழுதப் படிக்கத் தெரிந்ததாக இருந்தால், அதனிடம் ஒரு விளக்கக் கடிதம் வாங்காமல் விடமாட்டார்.

ஐம்பத்துநாலாம் வருஷம் ஆம்பூருக்கு இப்படி ஒருவர் வந்து இறங்கினார். பெயர் டாக்டர் சம்பந்தம். எருமைகளின் சினைப் பிடிப்பை ஆராய வந்தவர். பாலாற்றங்கரையில், தோல் பதனிடும் ஷாப்புகளுக்குப் பின்னால், காலியாகக் கிடந்த ஒரு பங்களாவில் ஆராய்ச்சி நிலையம் திறந்தார். நிலையம் என்றால் ஒரு மேஜை, ஒரு அலமாரி, ஐம்பது கண்ணாடிப் புட்டிகள், மூர்த்தி என்கிற நடுவயதுப் பியூன்.

ஆராய்ச்சி என்னவென்றால் இதுதான். எருமையின் மூத்திரத்தில் ஒரு பங்கு எடுத்து, மூன்று பங்கு தண்ணீர் கலந்து, ஒரு மருந்தை நாலு சொட்டு விடவேண்டும். தெளிவாக நின்றால் சினை. வெள்ளையாகக் கலங்கினால் சினை இல்லை. கலக்குவதற்கென்று சென்னையிலிருந்து காய்ச்சி வடித்த தண்ணீர் ஜாடியில் வந்தது. முதல் வாரத்தில் சோதித்த மூன்று எருமைகளும் சினை என்று தெரிந்தன. பிறகு ஜாடி காலி. வேறு ஜாடி கேட்டு டாக்டர் கடிதம் எழுதினார். அது வரும்வரை? பங்களாவுக்குப் பின்னால் கிணறு இருந்தது. தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. போதாதா?

அதற்குப் பிறகு வந்த நாற்பத்தோரு எருமைகளும் கலங்கின. நாற்பத்தொன்றுமே மலடு!

வேறு யாராவது என்றால் நாற்பத்தொன்றா என்று தலையைச் சொறிந்திருப்பார்கள். நம் ஆள் சொறியவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முதல் மூன்றையும் 'கை பழகாத காலம்' என்று சிவப்பு மையால் அடித்துவிட்டு, தோல் ஷாப்பு வாடையால் எருமைகளின் கருப்பை சுருங்கிப்போகிறது என்று ஒரு கட்டுரை தொடங்கினார். பெங்களூரில் கூடவிருந்த கால்நடை மாநாட்டில் படிப்பதற்கு. எருமைக்காரர்கள் கையில் ஆளுக்கொரு சீட்டு: 'சினை இல்லை, இனி பிடிக்காது.' கீழே ரப்பர் முத்திரை.

அந்த நாற்பத்தொன்றில் ஒன்று சவுரியம்மாளுடையது.

சவுரியம்மாள் பிரசவ வார்டில் முப்பது வருஷம் ஆயாவாக வேலை பார்த்து ஓய்ந்தவள். எத்தனையோ வயிறுகளைத் தொட்டுப் பார்த்தவள். தன் எருமையை எந்த வாரம் கடாவிடம் ஓட்டிப் போனாள் என்பது அவளுக்கு நினைவிருந்தது; அதற்குப் பிறகு எருமை பருவத்துக்கு வரவில்லை என்பதும் தெரிந்திருந்தது. வலது விலாவில் முஷ்டியை வைத்து அமுக்கினால் உள்ளேயிருந்து ஒன்று திருப்பி இடித்தது. இதற்குமேல் எந்தப் புட்டி வேண்டும் அவளுக்கு?

அவள் மகன் ரத்தினசாமிக்கு வேண்டியிருந்தது. தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்கிறவன். காகிதத்துக்கு மரியாதை கொடுக்கிறவன்.

"இன்னாம்மா நீ! கெவுர்மெண்டு சீல் குத்திக் குடுத்துட்டாங்க. உன் கை பெரிசா, சீலு பெரிசா?"

"என் கைதான்டா உன்ன மாதிரி நூறு பேரை வெளிய இழுத்துச்சு. சீலு இழுக்கல."

"சும்மா நிக்கிற மாட்டுக்குத் தீனி எவன் போடறது? திங்கக்கெழமை வாஹித் பாயை வரச் சொல்லிட்டேன்."

வாஹித் பாஷா அறுப்புக்கு மாடு பிடித்துத் தோலை மண்டியில் போடுகிற தரகர். திங்கட்கிழமை வந்தார். சீட்டைப் பார்க்கவில்லை. நேராகத் தொழுவத்துக்குள் போய், எருமையின் விலாவில் கையை வைத்து, வெற்றிலைச் சாறு வாயில் ஊற ஊறக் கொஞ்ச நேரம் நின்றார். வெளியே வந்து துப்பினார்.

"ஏழு மாசம் இருக்கும்மா. நான் தொடமாட்டேன்."

"சீட்டுல அப்படி இல்லையே பாய்?" என்றான் ரத்தினசாமி.

"சீட்டுதான் தம்பி பேஜாரு. அந்த டாக்டரு சீட்டோட இதுவரைக்கும் பதினோரு எருமை வாங்கிட்டேன். அறுத்தப்ப மூணுல கன்னு. ஒண்ணுக்கு முடி மொளைச்சிருந்துச்சு." பாய் தோள் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "எனக்குச் சோறு எறங்கல. இனி தொட்டுப் பாக்காம வாங்கறதில்லன்னு வச்சிருக்கேன். ஆனா நான் வுட்டா மண்டியில வேற ஆளு புடிச்சிக்கினு போவான். அந்தச் சீட்டு கிழிஞ்சாத்தான் உங்க மாடு பொழைக்கும்மா."

தோல் விற்றுப் பிழைக்கிறவர் கையை வைத்துப் பார்த்தார். உயிரை ஆராய வந்தவர் வைக்கவில்லை. இதை நினைத்துக்கொண்டே சவுரியம்மாள் ஒரு தகரக் குவளையில் எருமையின் மூத்திரம் பிடித்துக்கொண்டு, மகனையும் இழுத்துக்கொண்டு பங்களாவுக்கு நடந்தாள்.

"மறுபடியும் பாருங்க டாக்டரய்யா."

"ஒரு தடவை பாத்தாச்சேம்மா. சயன்ஸ் ஆளுக்கு ஆள் மாறாது."

"மாறாதுன்னா பாக்கறதுல இன்னா நஷ்டம்?"

டாக்டர் பெருமூச்சு விட்டார். மூர்த்தி புட்டியை எடுத்தான். டாக்டரின் கட்டளைப்படி மூன்று தடவை கழுவினான், கிணற்றுத் தண்ணீரில். மூத்திரத்தை அளந்து ஊற்றினான். மூன்று பங்கு தண்ணீர் சேர்த்தான், அதே கிணற்றிலிருந்து. நாலு சொட்டு மருந்து. பால் மாதிரி வெளுத்தது.

"பாத்தியா? நெகட்டிவ். நான் சொல்லலைம்மா, மருந்து சொல்லுது. எல்லாம் இந்தத் தோல் வாடை. கருப்பையைச் சுருக்கிடுது."

"அந்த வாடையிலதாங்க என் வூட்டுக்காரரு இருபது வருஷம் தோல் மிதிச்சாரு. அதே வாடையிலதான் நான் சோறாக்கினேன். ஆறு புள்ளைங்க. நடுவுல எங்க சுருங்குச்சு?"

மூர்த்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சவுரியம்மாளின் கண் அதற்குள் வாளிக்குப் போயிருந்தது.

"இது பின்னால இருக்கற கெணத்துத் தண்ணியா?"

"ஆமாம்மா. சுத்தமான தண்ணி."

"இதுல பருப்பு வேகாதுங்களே. சோப்பு நொரைக்காது. ஷாப்புல சுண்ணாம்பும் உப்பும் கழுவி வுடற தண்ணியெல்லாம் இந்த ஊத்துலதான் எறங்குது. பொம்பளைங்க யாரும் இதைத் தொடறதில்ல."

அந்தத் தெருவில் ஐந்து வயதுப் பெண் குழந்தைக்கும் தெரிந்த விஷயம் இது. டாக்டருக்கு எப்படித் தெரியும்? பருப்பு வேகவைத்தவரா, தம் சட்டையைத் தாமே துவைத்தவரா?

"நீ சமையல் பேசறே. நான் பேசறது சயன்ஸ்."

"சரிங்க. மூத்தரம் வேணாம். வெறுந் தண்ணியில அந்த நாலு சொட்டை வுடுங்க."

"தண்ணியைச் சோதிக்கிறது என் ஆராய்ச்சியில் இல்லை" என்று டாக்டர் எழுந்தார். அவர் நாற்காலியைத் தள்ளி முடிப்பதற்குள், அரசாங்க உத்தியோகத்தில் தன் வாழ்நாளின் முதல் சொந்த முடிவை எடுத்தவனாக, மூர்த்தி புட்டியில் வெறும் தண்ணீரைப் பிடித்துச் சொட்டு விட்டுவிட்டான்.

பால்.

மூர்த்தி புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான்.

"இன்னாங்க டாக்டரய்யா," என்றாள் சவுரியம்மாள், "கெணத்துக்கும் சினை இல்லீங்களா?"

ரத்தினசாமி சிரிக்கவில்லை. மடியிலிருந்த சீட்டை எடுத்து நாலாகக் கிழித்து, டாக்டரின் மேஜைமேல், மைக்கூட்டுக்குப் பக்கத்தில் ஒழுங்காக அடுக்கி வைத்தான். அன்று இருட்டுவதற்குள் தெரு முழுக்கச் சீட்டுகள் அடுப்புக்குப் போயின. மீதியிருந்த எருமைகள் மண்டிக்குப் போகவில்லை. போன பதினொன்று போனதுதான்.

இத்தோடு டாக்டர் திருந்தினார் என்று எதிர்பார்க்கிறீர்களா? இந்த இனத்தை நீங்கள் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. கட்டுரையில் ஒரு பத்தி கூடியது: 'தோல் வாடை இப்பகுதியின் கிணறுகளையும் பாதித்துள்ளது.'

மூன்று மாதம் கழித்து, ஒரு காலை வேளையில் சவுரியம்மாளின் எருமை ஈன்றது. கன்றின் கால் மடங்கி வந்ததால் அவள் முழங்கை வரை கையை விட்டு நிமிர்த்தி எடுத்தாள். கிடாரிக் கன்று. தாய் நக்கிக்கொண்டிருக்கும்போதே மூர்த்தி சொல்லி டாக்டர் வந்துவிட்டார். வாசலில் நின்றார். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு தலையை மட்டும் நீட்டினார்.

"இது இந்த எருமையோட கன்றுதான் என்பதற்கு என்ன ஆதாரம்?"

சவுரியம்மாள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். பிசுபிசுவென்று பனிக்குட நீரும் இரத்தமும் வழிந்த இரண்டு கைகளையும் அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"இந்தாங்க. புட்டியில புடிச்சிக்கிறீங்களா?"

டாக்டர் இரண்டடி பின்வாங்கி, ரிஜிஸ்டரைத் திறந்து, 'விதிவிலக்கு: ஒன்று' என்று எழுதிக்கொண்டார். அதே மாதம் மற்ற தொழுவங்களில் விதிவிலக்குகள் பத்தொன்பது பிறந்தன. அவற்றை அவர் எழுதவில்லை. அந்தச் சமயம் பெங்களூரில் மேடையில் இருந்தார். கட்டுரைக்குக் கைதட்டல் பலமாக இருந்ததாம். கேட்டவர்களில் எருமை ஒன்றும் இல்லையே.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. இப்போது ஒரு விஷயம். குழந்தை பசித்து அழும்போது, பால் கொடுக்க இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறதே என்று கடிகாரத்தைக் காட்டியது உங்கள் வீட்டில் யார்? மருமகள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தபோது, டாக்டர் சொன்ன தேதி அடுத்த வாரம்தான் என்று காலண்டர் தாளைப் புரட்டியது யார்? நெற்றியைத் தொட்டுப் பார்க்காமல் "தெர்மாமீட்டர் எங்கே?" என்று வீட்டைத் தலைகீழாக்கியது?

பதில் சொல்ல வேண்டாம். உங்கள் கைகளை வெளிச்சத்தில் காட்டுங்கள். நகக்கண் வரை சுத்தமாகத்தானே இருக்கின்றன?

அப்படித்தான் நினைத்தேன்.