தாழ்ப்பாள் – 1

நீலாஞ்சனா தண்ணீர் குடித்து ஆறு மணி நேரம் நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

மேசைக்கு எதிரே நின்ற அம்மாளிடம் சிறுநீர்ப் பரிசோதனை முடிவை நீட்டினாள். "நிறைய தண்ணி குடிங்க. அடக்கி வெக்காதீங்க."

"நீ மொதல்ல குடிம்மா. உதடு வெடிச்சிக் கெடக்குது."

"அவங்க ஜைனருங்க" என்றார் முதலாளி ராஜாராம், பில் போட்டபடியே, பெருமையாக. "விரதம். பகல்ல பச்சத் தண்ணி பல்லுல படாது."

அப்படி ஒரு விரதம் கிடையாது. அவர்கள் வீட்டில் பொழுது சாய்ந்தபின்தான் எதுவும் தொடமாட்டார்கள். அவள் அவலூர்பேட்டை பஸ் பிடித்து வீடு சேரும்போது நைனா சொம்பைக் கவிழ்த்து வைத்திருப்பார். இதை ராஜாராமிடம் சொல்ல வேண்டுமானால் பகலில் ஏன் குடிப்பதில்லை என்றும் சொல்ல வேண்டும்.

காரணம் எளிமையானது. செஞ்சி கூட்டு ரோட்டில் இருந்த அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு ஒரே ஒரு கழிப்பறை. அதன் கதவில் நான்கு திருகாணி ஓட்டைகள் இருந்தன. தாழ்ப்பாள் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், கையில் டப்பாவோடு வந்த ஒரு பெரியவர் கதவைத் திறந்துவிட்டார். "தெரியாது தாயி" என்றார். பதற்றத்தில் கதவைச் சாத்தாமலே போனார்.

அன்றைக்குத் தண்ணீரை நிறுத்தியவள்தான்.

பெருக்கித் துடைக்கும் விருத்தாம்பாள் காலை எட்டேகாலுக்குக் கிளம்புவாள். நீலாஞ்சனா எட்டுக்கு வருவாள். அந்தக் கால் மணி நேரத்தில் விருத்தாம்பாள் துடைப்பத்தோடு கதவுக்கு வெளியே நிற்பாள். அதோடு சரி. பிறகு மாலை ஐந்தரை வரை காவலுக்கு ஆள் கிடையாது. ராஜாராமுக்கு மாடியிலேயே வீடு.

ஆண்பிள்ளையிடம் போய் இதை வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு வரவில்லை. எழுதத்தான் வந்தது. மாதத் தேவைப் பட்டியலில் எழுதினாள்: பஞ்சு – 4, ஸ்பிரிட் – 2, ஊசி – 1 பெட்டி, தாழ்ப்பாள் – 1.

பஞ்சு வந்தது. ஸ்பிரிட் வந்தது. தாழ்ப்பாள் மீது சிவப்பு மையில் ஒரு கோடு வந்தது. மூன்று மாதம், மூன்று கோடு.

பட்டியலை ராஜாராம் சரியாகப் படிப்பதில்லை என்று அவள் முடிவு செய்தாள். அவர் ஊன்றிப் படிப்பது கதைகளை மட்டும்தான். 'ராஜகிரி கதை வட்ட'த்துக்கு அவர்தான் தலைவர். ஆண்டுக்கொரு முறை போட்டி வைத்து, வரும் கதைகளைப் பென்சிலோடு உட்கார்ந்து படிப்பார். பரிசோதனைக்கு வந்தவர்கள் காத்திருப்பார்கள்.

ஆகவே அவள் ஒரு கதை எழுதினாள். தலைப்பு 'கதவு'. ஒரு பெண், ஒரு பரிசோதனை நிலையம், தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறை. நீல வாளியில் தண்ணீர் நிரப்பி உள்ளிருந்து முட்டுக் கொடுக்கிறாள். வாளி நகர்ந்துவிடுகிறது. அவ்வளவுதான். கல்லூரியில் வேதியியல் ரெக்கார்டு நோட்டு எழுதியது போல, நடந்ததை மட்டும் எழுதினாள்.

மறுநாள் ராஜாராம் மாடியிலிருந்து கண்கலங்கி இறங்கி வந்தார்.

"நீலா! இன்னாம்மா எழுதிக்கீற நீ!"

"படிச்சிட்டீங்களா சார்?"

"மூணு தபா. அந்தத் தாழ்ப்பாள் இருக்குதே…"

"ஆமா சார். தாழ்ப்பாள்."

"தாழ்ப்பாள்னா இன்னா?"

"கதவுல போடறது சார்."

ராஜாராம் சிரித்தார். "எப்பா, இன்னா அடக்கம்! கதவுன்றது நம்ம கோட்டை. தாழ்ப்பாள்ன்றது நாம தொலைச்ச மானம். ஒரு ஊரு சரித்திரத்தையே கக்கூஸ்ல அடக்கிட்டியே!"

"இல்ல சார்…"

"அந்த வாளி ஏன் நீலம்?"

"நம்ம வாளி நீலந்தான சார்."

"கடல்" என்றார் அவர். "கடலையே முட்டுக் குடுத்தும் கதவு நிக்கல."

அவள் பின்பக்கம் போய் வாளியைப் பார்த்தாள். கைப்பிடி உடைந்த வாளி.

தெளிவாக எழுதாதது தன் தவறு என்று தோன்றியது. அன்றே திருத்தி எழுதினாள். கதையின் பெண், இரும்புக் கடைக்குப் போய் விசாரிக்கிறாள். தாழ்ப்பாளின் நீளம் எட்டு அங்குலம். அதற்கு நான்கு திருகாணிகள் வேண்டும். மாட்டப் பத்து நிமிடம் ஆகும். இதற்கு மேல் தெளிவாக எழுத ஒன்றுமில்லை.

திருத்திய பக்கத்தை ராஜாராம் நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

"எட்டு அங்குலம். உங்க மதத்துல வினை எத்தினி?"

"எட்டு சார். ஆனா…"

"பிறவி கதி?"

"நாலு."

"நாலு திருகாணி!" மேசையில் ஓங்கித் தட்டினார். ரத்தக் குழாய்கள் குலுங்கின. "மொதப் பரிசு உனக்குத்தான். எவன் தடுத்தாலும் சரி."

யாரும் தடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வட்டத்தின் செயலாளர் குரு, பதினோரு உறுப்பினர்களைக் கூட்டிக்கொண்டு கதவைப் பார்க்க வந்தார். ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர் அவர். கதவின் நான்கு ஓட்டைகளையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"வெறுமை" என்றார்.

"வெறுமைதான்" என்றார்கள் மற்றவர்கள். வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நீலாஞ்சனாவைக் கதவுக்குள் பாதியும் வெளியில் பாதியுமாக நிற்கச் சொன்னார்கள்.

போகும்போது நீல வாளியை விழா மேடையில் வைக்க எடுத்துப் போனார்கள்.

இப்போது முட்டுக் கொடுக்க வாளியும் இல்லை.

திங்கட்கிழமை கூட்டம் குறைந்ததும், காலையில் எடுத்து வைத்திருந்த தன் சிறுநீரைத் தானே பரிசோதித்தாள். எரிச்சல் தொடங்கி ஒன்பது நாள் ஆகியிருந்தது. சீழ் அணுக்கள் முப்பது வரை. பெயர் என்ற இடத்தில் 'கமலாம்பாள்' என்று எழுதிக் கையெழுத்துக்கு வைத்தாள்.

ராஜாராம் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "யார்ரா இது, இவ்ளோ விட்டு வெச்சிக்குது? கிட்னி போயிடும். தண்ணி குடிக்கச் சொல்லு அந்தம்மாவ."

"சொல்றேன் சார்."

அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் இரும்புக் கடைக்குப் போனாள். எட்டு அங்குலத் தாழ்ப்பாள் ஒன்று, திருகாணி நான்கு. காகிதத்தில் சுற்றி ராஜாராமின் மேசை மேல் வைத்தாள்.

"சார், இத மாட்டணும்."

அவர் பிரித்தார். பார்த்தார். அவளையும் பார்த்தார்.

"மாட்டிடலாம்" என்றார்.

அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. அன்று மாலை பஸ்ஸில் அரை பாட்டில் தண்ணீர் குடித்தாள்.

மறுநாள் கதவு அப்படியே இருந்தது. தாழ்ப்பாளைக் காணவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நான்காம் நாள் விழா.

தனியார் மண்டபம் ஒன்றில் அறுபது நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மேடையின் நடுவில் சந்தனம் பூசிய நீல வாளி. 'கதவு: ஒரு பன்முகப் பார்வை' என்று குரு நாற்பது நிமிடம் பேசினார். இன்னொருவர், கதையில் வரும் பெண் என்று யாரும் இல்லை, அது தமிழ்நாடு என்றார். நீலாஞ்சனா கால் மேல் கால் போட்டு இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மண்டபத்துக் கழிப்பறையில் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு பரிசைக் கொடுத்தார்கள். தேக்குப் பலகை, கண்ணாடிச் சட்டம். உள்ளே அவள் வாங்கிய தாழ்ப்பாள். பொன் நிறம் அடித்து, பசை போட்டு, பலகையோடு ஒட்டியிருந்தார்கள். நான்கு திருகாணிகளையும் சுற்றிப் பூப்போல வைத்திருந்தார்கள்.

"ஏற்புரை! ஏற்புரை!" என்றார்கள்.

அவள் ஒலிபெருக்கியைப் பிடித்தாள். இருபத்து நான்கு வயது வரை நான்கு பேர் எதிரில் பேசியதில்லை. அறுபது பேர் இருந்தார்கள்.

"இது குறியீடு இல்லீங்க" என்றாள். "எங்க லேப்ல பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்ல. நான் அங்கதான் வேல செய்றேன். காலையிலருந்து சாயந்தரம் வரிக்கும் போக முடியல. உடம்பு கெட்டுப் போச்சு. தாழ்ப்பாள் வேணும். அதுக்குத்தான் எழுதினேன். வேற ஒண்ணும் இல்லீங்க."

முன்வரிசையில் ஒரு பெண் பாதி எழுந்தாள்.

ராஜாராம் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார்.

"நண்பர்களே! கதையை எழுதியவருக்கே அதன் ஆழம் தெரியாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? கழிப்பறையைத்தான் எழுதினேன் என்கிறார் இந்தக் குழந்தை. கழிப்பறையா அது? நம் மனசாட்சி! இன்றுமுதல் அந்தக் கதவை யாரும் தொடக்கூடாது. ஓர் ஆணி அடிக்கக்கூடாது. அது அப்படியே இருக்கட்டும்!"

கைதட்டல் அடங்க வெகு நேரமானது. பாதி எழுந்த பெண்ணும் உட்கார்ந்து கைதட்டினாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நீலாஞ்சனா வந்தபோது, பரிசுப் பலகை பில் மேசைக்கு மேலே சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. விருத்தாம்பாள் அதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா இது? தாப்பாளு மாரி கீது."

"தாப்பாளுதான். நான் கதை எழுதினேன் இல்ல, அதுக்குக் குடுத்தாங்க."

"இன்னா கதை?"

நீலாஞ்சனா சொன்னாள். பெண், கதவு, தாழ்ப்பாள் இல்லை, வாளி நகர்ந்துவிட்டது. சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கோட்டை என்றும் வினை என்றும் கடல் என்றும் அவர்கள் சொன்னதையும் சொன்னாள்.

விருத்தாம்பாள் துணியைப் பிழிந்தாள். "அவ்ளோ படிச்சவங்களுக்குப் புரியலியா இது?"

"புரியல. சாருக்கே புரியலியே. பட்டியல்ல எழுதினேன், கதையா எழுதினேன், வாங்கியாந்தே குடுத்தேன், மைக்குல சொன்னேன். நல்லவருதான். ஆனா எது சொன்னாலும் வேற ஒண்ணாத்தான் தெரியுது அவருக்கு."

விருத்தாம்பாள் மாடிப்படியை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். கிட்டே வந்தாள்.

"உனக்குத் தெரியாதாம்மா? அந்தக் கதவுல இருந்தத அவருதான் கழட்டுனாரு. உனக்கு முன்ன இருந்த மங்கை உள்ள போனா வர்றதுக்கு அஞ்சு நிமிசம் ஆவுதுன்னு."